நடுவழியில் சந்திப்போம், யார் பொறுப்பில்?

சென்னை, பெங்களூர், ஹைதராபாத் என்று சிதறிக் கிடக்கும் இணைய நண்பர்கள் "ஒருநாள் எல்லாரும் நேர்ல பார்க்கலாமே" என்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் சித்தூர்ப் பக்கம்தான் வந்து நிற்கும். சாலைகள் அப்படி அமைந்திருக்கின்றன. கர்னூலிலிருந்து கடப்பா, ராயச்சோட்டி, பீலேர் வழியாக இறங்கிவரும் 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து, திருப்பதிக்குப் போகும் 140ஆம் எண் சாலை பிரியும் இடம் புத்தலப்பட்டு. ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்காரர் வந்துவிடலாம். கோலார், முல்பாகல், பலமநேர் என்று பெங்களூர்க்காரரும் இறங்கிவிடலாம். பக்கத்திலேயே காணிப்பாக்கம் பிள்ளையார். கொஞ்சம் தள்ளிப் போனால் தலக்கோனா அருவி, கைகல் அருவி, ஹார்ஸ்லி மலை. முகமே பார்க்காமல் பழகியவர்கள் கட்டுச்சோற்றோடு கூடுவதற்கு இதைவிட வசதியான வட்டாரம் தென்னாட்டில் குறைவு.

இடத்தில் குறையில்லை, திட்டத்தில்தான். புளியோதரை யார் கொண்டுவருவது, ஸ்பீக்கர் யாருடையது, எந்த டோல்கேட் தாண்டி ஒன்றுசேர்வது என்று வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். யார் யாருடைய வண்டியில் ஏறுகிறார், அந்த வண்டிக்கு என்ன இன்சூரன்ஸ், ஒன்றென்றால் யாருடைய வீட்டுக்கு யார் போன் போடுவது என்று கேட்க மட்டும் எல்லோருக்கும் கூச்சம். கேட்டால் நட்பைச் சந்தேகிப்பதுபோல் ஆகிவிடுமாம். இந்தக் கூச்சத்தைத் தூக்கியெறிந்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்சூரன்ஸையே எடுத்துக்கொள்வோம். பழைய கார் வைத்திருக்கும் பலர், சட்டத்துக்குப் போதும் என்று தேர்டு பார்ட்டி மட்டும் கட்டுகிறார்கள். அந்தப் பாலிசி, வண்டி மோதும் வெளியாளுக்கானது. காசு வாங்காமல் அன்பின் பேரில் ஏற்றிக்கொண்ட நண்பருக்கு அதில் இழப்பீடு கிடையாது. பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் தொடர்பான திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதைத்தான் சொன்னது. ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசியில் காருக்குள் இருப்பவர்களும் அடக்கம் என்பதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் தெளிவுபடுத்தியது. ஆகவே நான்கு கார்கள் புறப்பட்டால், எந்தக் காரில் ஆள் ஏற்றலாம், எதில் சாமான் மட்டும் ஏற்றலாம் என்பதைப் பாலிசியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பெட்ரோல் செலவைப் பங்கிட்டுக்கொள்வதில் தப்பில்லை. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்துவிட்டால் அது வாடகை ஓட்டம், வொயிட் போர்டு வண்டியின் பாலிசியில் அதற்கு இடமில்லை. 'ஆளுக்கு ஆயிரம் கொடுங்கப்பா, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்' என்கிற பெருந்தன்மைக்காரர்தான் இதில் முதலில் மாட்டுவார்.

'நாம என்ன டூரிஸ்ட் கம்பெனியா நடத்துறோம்? நண்பர்கள்தானே' என்பார்கள். குரங்கணிக்குப் பிறகும் இப்படிச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலையில் பற்றிய காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு குழு, சென்னையிலிருந்து இணையம் வழியாகச் சேர்ந்த இன்னொரு குழு. சென்னைக் குழுவை ஒருங்கிணைத்த சென்னை ட்ரெக்கிங் கிளப், 2008இல் ஆர்வலர்கள் தொடங்கிய, லாப நோக்கமற்ற அமைப்பு. அன்றைய சித்தூர் மாவட்டத்து நாகலாபுரம் மலையெல்லாம் அதன் உறுப்பினர்களுக்கு நன்றாகப் பழகிய இடம். அனுபவத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் தீக்குப் பின் முன்னால் வந்து நின்ற கேள்விகள் அனுபவத்தைப் பற்றியவை அல்ல. எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கப்பட்டது, எந்தப் பாதையில் போனார்கள், யார் அனுப்பினார், யார் தடுத்திருக்க வேண்டும் என்பவை. அரசு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவைக் கொண்டு விசாரித்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு, முன்பதிவு முறையில் திறந்தது. காட்டுக்கு இப்போது ஒரு கணக்கு உண்டு. தார்ச்சாலையில் காரில் போகும் குழுவுக்கு அப்படி எதுவும் இல்லை. அதை அவர்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒருவரைத் தலைவராக வைத்து, 'மழை பலமா இருக்கு, அருவிக்குப் போகவேண்டாம்' என்று அவர் சொன்னால் கேட்பது என்று புறப்படும் முன்பே ஒத்துக்கொள்வது அதில் முதல் வேலை. ஓட்டெடுப்பெல்லாம் சாப்பாட்டு விஷயத்தோடு நிற்கட்டும்.

அடுத்தது, அந்த 'நடு இடம்' என்கிற நியாயம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காலை டிபனை முடித்துப் புறப்பட்டாலே மதியச் சோற்றுக்கு வந்துவிடலாம். ஹைதராபாத்காரருக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அவர் மற்றவர்களைக் காக்கவைக்கக்கூடாது என்று வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்து, தனியாக, இரவெல்லாம் ஓட்டுவார். குழுவில் அதற்குக் கைதட்டல் வேறு. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்தச் சாவுகளில் பத்துக்கு ஏழு, அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. தூக்கத்துக்கும் தாமதத்துக்கும் பயந்து மிதிக்கப்படும் ஆக்ஸிலேட்டரும் அந்தக் கணக்கில்தான் சேரும். பெங்களூர்க்காரரின் வழியும் லேசல்ல: பலமநேர்ப் பக்கமிருந்து இறங்கும் மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரிகளும் மோதிப் பலர் இறந்தார்கள். தொழில்முறை ஓட்டுநர்களுக்கே சோதனையான பாதை அது.

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தலக்கோனா சேஷாசலக் காட்டைச் சேர்ந்தது. செம்மரம் விளையும் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்டியதாகச் சொல்லி, தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த மலைத்தொடரில்தான். அந்தச் சாவுகளின் நியாயம் தனியாகப் பேச வேண்டிய பெரிய வழக்கு. ஆனால் நள்ளிரவில் காட்டுச்சாலையில் நான்கைந்து ஆண்களோடு வரும் வெளிமாநில வண்டி, சோதனைச் சாவடியில் நிற்பவர் கண்ணுக்குப் பிக்னிக் கோஷ்டியாகத் தெரியாது. டிக்கியைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். அதிலும் பாதிப் பேருக்குப் பக்கத்தில் இருப்பவரின் உண்மைப் பெயரே தெரியாது என்றால், அதிகாரியிடம் அதை விளக்குவது சுலபமல்ல. 'மழைக்குருவி', 'டீக்கடை ராஜா' என்றே பழகியவர்கள் ஆதார் அட்டையில் இருக்கும் பெயரையும் வீட்டு போன் எண் ஒன்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது, சந்திப்புக்கு முந்தைய வாரமே நடக்கட்டும். பெண்கள் இருக்கும் குழுவென்றால், அவர்களில் ஒருவர் எந்த நேரமும் தனியாகத் திரும்பிப்போக வழியும் வண்டியும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் இடத்தையே முடிவுசெய்ய வேண்டும். அந்த வகையில் பஸ் ஓடும் காணிப்பாக்கத்துக்குப் பக்கத்தில் கூடுவது, அருவியைத் தேடிக் காட்டுக்குள் போவதைவிட மேல்.

ஹைதராபாத்காரருக்கும் கார் கட்டாயமில்லை. காச்சிகுடாவிலிருந்து சித்தூருக்கு வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் இரவு முழுக்க ஓடிவருகிறது. படுத்துத் தூங்கி வந்து திருப்பதியிலோ சித்தூரிலோ இறங்கினால் போதும், ஃபுல் இன்சூரன்ஸ் கட்டிய சென்னைக் கார் ஒன்று போய் ஏற்றிக்கொண்டு வரும்.