மைதானத்தில் நிற்கும் மகளுக்கு யார் பொறுப்பு?



முதலாம் தவணை வந்தால் ஊர் முகநூல் பக்கங்களில் இரண்டு விடயங்கள் தவறாமல் வரும். ஒன்று, இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள். மற்றது, அந்தப் படங்களுக்குக் கீழே நடக்கும் சண்டை. அணிநடையிலும் உடற்பயிற்சிக் கண்காட்சியிலும் நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்து, "இது பாடசாலையா, ஐபிஎல் சியர் லீடர் கூட்டமா?" என்று ஒருவர் எழுதுவார். அதற்கு மளமளவென்று லைக் விழும். அடுத்தவர் வந்து, "பெத்தவங்களுக்கு ரோசம் இல்லையா?" என்று கேட்பார்.

அந்தப் பெத்தவங்கள் நாங்கள்தான். பகலில் படிப்பிக்கிறோம், இரவில் மகளின் கண்காட்சிக்குக் கிறேப் கடதாசி வெட்டிப் பூங்கொத்துக் கட்டுகிறோம். ஆகவே எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பதிவு நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் அந்த "சியர் லீடர்" என்ற சொல். ஐபிஎல் 2008இல் தொடங்கிய பிறகுதான் நம்மில் பலருக்கு இந்தச் சொல் தெரியும். அதனால் அது வசவாகி விட்டது. ஆனால் இது தொடங்கியது 1898இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில். தோற்றுக்கொண்டிருந்த தங்கள் அணிக்காகக் கூட்டத்தை ஒரே குரலில் கத்த வைத்தவர்கள் ஆண் மாணவர்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் படிக்கும் காலத்தில் அந்த வேலை செய்தவர்தான். இன்று அதற்கென்று சர்வதேச சம்மேளனம் இருக்கிறது. 2021இல் ஒலிம்பிக் குழு அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. நம் பிள்ளைகள் செய்வது அதுவும் அல்ல. கை, கால், மூச்சு, வரிசை, தாளம். நம் வாப்பாமார் படிக்கும் காலத்திலும் இது "ட்ரில்" என்ற பெயரில் இருந்ததுதான்.

இனி முக்கியமான விடயம். நூறு மீற்றர் ஓட்டத்தில் மூன்று பேருக்குத்தான் பரிசு. கண்காட்சியில் எண்பது பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. ஓடத் தெரியாத பிள்ளை, குண்டான பிள்ளை, வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை எல்லோரும் அந்த வரிசையில் வேண்டும். ஒருத்தி பிந்தினால் முழு வரிசையும் கோணும் என்று அவளுக்கே தெரியும். "நான் இல்லாவிட்டால் குறையும்" என்று ஒரு பிள்ளை வாழ்க்கையில் முதல் தடவையாக உணருகிற இடம் பல நேரம் அதுதான். இதை வகுப்பறைக்குள் வைத்து நம்மால் கொடுக்க முடிவதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கிறவர்களுக்கும் மரியாதையோடு ஒன்று சொல்வோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஒரு தடவை அவர் முந்தினார், பிறகொரு தடவை நபியவர்கள் முந்தினார்கள். அஹ்மதில் வரும் அறிவிப்பில், கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லி விட்டுத்தான் ஓடினார்கள் என்று வருகிறது. இதில் நமக்கு இரண்டு பாடம். பெண் ஓடலாம். அவளுடைய மறைவைப் பேணுவது சுற்றி நிற்பவர்களின் வேலை. நாம் முதல் பாடத்தை விட்டுவிட்டு, இரண்டாவதைப் பிள்ளையின் தலையில் மட்டும் போடுகிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கருத்து எழுதுகிற ஆண்களிடம், "பார்வையைத் தாழ்த்து" என்று யாரும் சொல்வதில்லை.

அதற்காகப் பாடசாலைகளில் எல்லாம் சரி என்றும் சொல்ல வரவில்லை. சண்டை பிடிக்க வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அவை வேறு இடங்கள்.

ஒன்று, வெயில். ஜனவரி முதல் மார்ச் வரை பிற்பகல் இரண்டு மணிக்கு மைதானத்தில் நிறுத்திப் பழக்குகிறார்கள். 2024இல் வெப்பம் கூடியபோது, பிள்ளைகளை வெயிலில் வைத்திருப்பதைத் தவிர்க்கும்படி கல்வி அமைச்சே அறிவித்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதன் பிறகும் நேரம் மாறாத மைதானங்கள் இருக்கின்றன.

இரண்டு, தண்ணீர். பெண் பிள்ளைகள் பயிற்சியில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல, மைதானத்தில் கழிவறை இல்லை, இருந்தாலும் போக முடியாது. அந்த நாட்களில் இருக்கும் பிள்ளை, ஆண் பயிற்றுவிப்பாளரிடம் எதைச் சொல்லி உட்காருவாள்? தலைசுற்றி விழுந்த பிறகு "காலையில் சாப்பிடவில்லையா?" என்று கேட்கிறோம்.

மூன்று, ஊசி. ஸ்கார்ப்பை நான்கைந்து ஊசி குத்திக் கட்டிக்கொண்டு குனிந்து நிமிரச் சொல்கிறோம். பீஃபா தலைமறைப்பை அனுமதித்தது 2014இல், சர்வதேச கூடைப்பந்துச் சம்மேளனம் 2017இல். அதற்கு முன் அவர்கள் தடுத்ததற்குச் சொன்ன காரணமே காயம் ஏற்படும் என்பதுதான். ஊசியில்லாமல் தலை வழியாகப் போடுகிற மாதிரித் தைத்த ஸ்கார்ப் எங்கள் ஊர்த் தையல்கார ராத்தாமாருக்கு அரை மணி நேர வேலை.

நான்கு, பிரமிட். கைதட்டு வாங்க வேண்டும் என்று பிள்ளைகளை ஒருவர் மேல் ஒருவர் ஏற்றுகிறார்கள், கீழே மெத்தை கிடையாது. இந்தக் கலை பிறந்த அமெரிக்காவிலேயே உயர்நிலைப் பாடசாலைகளில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கட்ட விதி இடம் தராது. நாம் வெறும் தரையில் மூன்றாம் தட்டுக்கு ஆசைப்படுகிறோம்.

ஐந்து, காசு. ஒரு நாளைக்கு உடுக்கிற உடுப்புக்காக, கூலி வேலை செய்கிற வாப்பா கடன் வாங்குகிறார். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை "எனக்கு விருப்பமில்லை டீச்சர்" என்று ஒதுங்கி விடுகிறாள். அவளுக்கு விருப்பமில்லாமல் இல்லை என்று நமக்குத் தெரியும்.

இந்த ஐந்தில் எதற்காவது முகநூலில் ஒரு பதிவு கண்டீர்களா?

இன்னொன்றையும் இப்போதே யோசிக்க வேண்டும். 2027இல் றமழான் பெப்ரவரி முற்பகுதியில் வருகிறது, 2028இல் ஜனவரி இறுதியில். நோன்பு விடுமுறைக்கு முன் போட்டியை முடிக்கும் அவசரத்தில் ஒன்றரை மாதப் பயிற்சியை இரண்டு வாரத்தில் திணிக்கப் போகிறோம். அல்லது நோன்போடு நிறுத்துவோம். பெருநாளைக்குப் பிறகு, முடியுமானால் இரண்டாம் தவணைக்கு, போட்டியைத் தள்ளி வைக்க அதிபர்மார் இந்த வருடமே வலயத்தோடு பேசலாம்.

ஆகவே பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். பிள்ளையை மறிக்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: பயிற்சி காலை ஏழரைக்கு முன்னா, அஸருக்குப் பிறகா? ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் ஆசிரியை நிற்பாரா? கழிவறைத் திறப்பு யாரிடம்? உடுப்பைப் பாடசாலையே தைத்து, கழுவி, அலுமாரியில் வைத்து அடுத்த வருடமும் பாவிக்க முடியாதா? பழைய மாணவிகள் சங்கம் இதற்கு ஒரு தடவை செலவழித்தால் பல வருடம் ஓடும். அன்று கூட்டத்திலிருந்து யாரும் போனில் எடுக்காமல், பாடசாலை ஊடகக் கழகம் மட்டும் தூரத்திலிருந்து படம் எடுத்தால் போதாதா? இவற்றுக்குப் பதில் இல்லாத பாடசாலையில், பதில் வரும் வரை கையொப்பம் போடாதீர்கள். அது உங்கள் உரிமை.

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைக் கண்டித்து ஜும்ஆவில் பேசுவதற்கு முன், அதிபரோடும் ஆசிரியைகளோடும் ஒரு தடவை உட்காருங்கள். மைதானத்தைச் சுற்றி ஒரு மறைப்பு அடித்துத் தர ஊரால் முடியும். கல்யாணத்துக்குக் கட்டுகிற துணியே போதும்.

கொமென்ட் எழுதுகிற தம்பிமாருக்குக் கடைசியாக: அந்தப் பிள்ளைகளும் முகநூல் பார்க்கிறார்கள். நீங்கள் இரவில் எழுதியதை வாசித்து விட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறார்கள். நாங்கள்தான் அந்த முகங்களைப் பார்க்கிறோம். நம் வீடுகளில் சீனி, பிரஷர் இல்லாத உம்மாமார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று வயதில் ஓடி ஆட விடாத பெண்ணை நாற்பதில் கிளினிக் வரிசையில்தான் காண்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் உடலையும் மானத்தையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

கருத்து வேறுபாடு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பிள்ளைகளின் படத்தை மட்டும் போட வேண்டாம்.