பெட்டியைத் திறக்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்

இந்த வாரம் பழைய நினைவுகள் கிடையாது நண்பர்களே. கோபம்தான். பாதி கோபம் கடைக்காரர்கள் மேல், மீதி என் மேலேயே.

நான் தட்டச்சு செய்யும் மேசைக் கணினிக்கு வயது 15க்கு மேல். இரண்டு மாதமாகத் திரையில் கோடு கோடாக விழுந்தது. மதர்போர்டிலேயே இருக்கும் படம் காட்டும் பகுதி பழுது, மலிவாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் போதும் என்றார் பார்த்தவர். பக்கத்து டவுனில் ஒரு கடைக்குப் போனேன். பழைய பில்லில் 'பிசிஐ ஸ்லாட்' என்று இருந்ததைச் சொன்னேன். "அதுக்குத்தான் சார் இது, எல்லாத்துலயும் சேரும்" என்று 2,800 ரூபாய்க்கு ஒன்றைக் கொடுத்தார்.

வீட்டில் அது உட்காரவே இல்லை. வாங்கி வந்தது 'பிசிஐ எக்ஸ்பிரஸ்' கார்டு. என் பெட்டியில் இருப்பது வெறும் பிசிஐ. கவரைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம்.

பெயரில்தான் இரண்டும் உறவு. பிசிஐ 1992இல் வந்தது. படத்துக்கென்றே தனியாக ஏஜிபி 1997இல் வந்தது. எக்ஸ்பிரஸ் 2003க்குப் பிறகு. ஒன்றின் கார்டு மற்றொன்றில் சேராது. பிசிஐ ஸ்லாட்டும் எக்ஸ்பிரஸின் நீள ஸ்லாட்டும் ஏறக்குறைய ஒரே நீளம், எட்டரை, ஒன்பது சென்டிமீட்டர். ஏமாற இது போதாதா?

நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்லாட்டின் நடுவில் இருக்கும் சின்னத் தடுப்பைப் பாருங்கள். ஒயர்கள் சொருகும் பின்பக்கத்துக்கு அருகிலேயே, சுமார் ஒரு சென்டிமீட்டரில் தடுப்பு இருந்தால் அது எக்ஸ்பிரஸ். பின்பக்கத்திலிருந்து விலகி, உள்பக்கக் கடைசியை ஒட்டி இருந்தால் பழைய பிசிஐ. ஸ்லாட்டே பின்பக்கத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஒன்றே ஒன்றாக நின்றால் அநேகமாக ஏஜிபி. இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் குட்டியாக இருப்பதும் எக்ஸ்பிரஸ்தான், ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண கிராபிக்ஸ் கார்டு அதில் உட்காராது. பெட்டி ஒல்லியானதாக இருந்தால் கார்டின் உயரத்தையும் கேளுங்கள். பாதி உயரக் கார்டுதான் அதில் நிற்கும்.

பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து ஸ்லாட்டையும் போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் போனில் படம் எடுங்கள். அந்தப் படத்தோடு கடைக்குப் போங்கள். பழைய பிசிஐ மட்டும்தான் இருக்கிறது என்றால் இன்று கடையில் உள்ள புதுக் கார்டு அநேகமாக எதுவும் சேராது. செலவு செய்வதா, பெட்டியையே மாற்றுவதா என்று வீட்டிலேயே முடிவு செய்யலாம். இது தெரிந்திருந்தால் என் 2,800 மிஞ்சியிருக்கும்.

"இதெல்லாம் டெக்னீஷியன் வேலை, நீங்க கை வைக்காதீங்கப்பா" என்கிறான் மகன். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. பட்டாவில் சர்வே எண்ணைச் சரிபார்க்காமல் யாராவது நிலம் வாங்குவோமா? ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பீரோவில் இருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. கணினி என்றதும் மட்டும் நமக்கு ஏன் கை நடுங்க வேண்டும்? கார்டைப் பொருத்துவது டெக்னீஷியன் வேலையாகவே இருக்கட்டும். எதில் பொருத்தப் போகிறோம் என்று பார்ப்பது பணம் கொடுப்பவன் வேலை.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. "உங்க பெட்டியில் என்ன ஸ்லாட், படம் இருக்கா?" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. கேட்காமல் விற்றுவிட்டுக் கவரைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. சேருமா சேராதா என்பது கவரைப் பிரித்தால்தானே தெரியும்?

காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, சொல்வதெழுதுதல் முடிந்ததும் வாத்தியார் நோட்டை உடனே வாங்க மாட்டார். "ரெலிசே!" என்பார். திரும்பப் படித்துப் பார் என்று அர்த்தம். அறுபது வருடம் கழித்து அந்தப் பாடத்தைக் கடைவாசலில் மறந்தேன்.

நான் குடியிருக்கும் இந்தக் கங்கைகொண்ட சோழபுரத்தில், மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் சுவர் இருக்கிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். நமக்குத் தோண்டக்கூட வேண்டாம். இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் போதும்.

அந்தக் கார்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ளவர்கள் யாராவது இருந்தால் வந்து வாங்கிப் போங்கள், காசு வேண்டாம். ஆனால் பெட்டியைத் திறந்து எடுத்த படத்தோடு வாருங்கள்!