வீட்டுச் சாதகம் யார் பொறுப்பு?

விஜயதசமியன்று வெற்றிலை, பழம், தட்சிணை வைத்த தட்டோடு தாராபுரத்து இசை வகுப்புகளில் புதுப் பிள்ளைகள் சேர்கிறார்கள். தை பிறப்பதற்குள் வரிசை மெலிந்துவிடுகிறது. ஏனென்று கேட்டால் ஆசிரியர், "வீட்ல உக்காந்து பாடறதே இல்லீங்க" என்கிறார். பெற்றோர், "பள்ளிக்கூடத்துப் பாடமே தலைக்கு மேல கெடக்குதுங்க" என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டு பேச்சிலும் கூண்டில் நிற்பது பத்து வயதுப் பிள்ளை. ஆசிரியர் என்ன தயாரித்துக்கொண்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தலையங்கம் அதைக் கேட்கிறது.

வீட்டில் தனியாகச் சாதகம் செய்துவிட்டு வகுப்புக்கு வா என்பது நம் இசைக்குப் பழைய ஏற்பாடு அல்ல. குருகுலத்தில் மாணவன் குருவின் வீட்டிலேயே கிடந்தான். விடிகாலையில் அவன் பாடும் சரளி வரிசை குருவின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சுரம் பிசகினால் உள்ளிருந்தே அதட்டல் வரும். பாடம் வேறு, சாதகம் வேறு என்று பிரிக்க அங்கே இடமில்லை.

நம் பக்கத்துக் கலைகளிலும் இதே கதைதான். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக நாடகக் கம்பெனிக்குப் போனவர். கம்பெனிகளில் பாடம், ஒத்திகை, மேடை மூன்றும் வாத்தியார் முன்னால் நடந்தன. 1965இல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தபோது, அதைப் பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. அவ்வளவு நீளக் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர் ஆசானுக்குப் பின்பாட்டுப் பாடிப் பாடித்தான் தனதாக்கிக்கொள்கிறார். 2024இல் கோவை மாவட்டத்து பத்ரப்பனுக்குப் பத்மஸ்ரீ வாங்கித் தந்த வள்ளி கும்மியை இன்றும் ஊர்த் திடலில் கூடித்தான் பழகுகிறார்கள். ஆசிரியர் பாடப் பாட அடி போட்டு, பல இரவுகள் கழித்து அரங்கேறுகிறார்கள். அங்கே வீட்டுப்பாடம் என்ற பேச்சே இல்லை.

குருகுலத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது பலருக்கு மூடியிருந்த கதவு. உள்ளே போனவனுக்கும் பாதி நேரம் எடுபிடி வேலை. ஈரோட்டு மாவட்ட அரசு இசைப்பள்ளியிலோ கோவை அரசு இசைக் கல்லூரியிலோ சேர்கிறவர்கள் ஆசிரியரைத் தினமும் பார்க்கிறார்கள். பள்ளி முடிந்து வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து போகும் பிள்ளைக்குத்தான் சிக்கல். வாரத்தின் 168 மணி நேரத்தில் ஆசிரியர் காதில் விழுவது அந்த ஒன்று. மீதி நாட்களில் கைப்பேசியில் சுருதி போட்டுக்கொண்டு பிள்ளை தனியாகப் பாடுகிறது. மாயாமாளவகௌளையின் ரிஷபம் கொஞ்சம் மேலே ஏறி நின்றால் சொல்ல ஆளில்லை. ஆறு நாள் விடாமல் பாடினால் அந்தப் பிசகு ஆறு நாள் உறுதிப்படும். அடுத்த வகுப்பு அதை அழிப்பதிலேயே போகும். தவறாகப் பழகியதை மாற்றப் பழகியதைவிட அதிக நாள் பிடிக்கும் என்பது வாத்தியார்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே "இன்னும் அதிகமாகப் பாடு" என்பது மருந்தாகாது. எதை, எந்தக் காலத்தில், எத்தனை முறை, எதைக் கவனித்துப் பாடுவது என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதைச் சொல்ல ஆசிரியர் முதலில் யோசித்து வர வேண்டும்.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம்: போன வாரம் எங்கே தடுக்கியது, இந்த வாரம் எந்த ஒன்றைச் சரிசெய்வது. சொல்லித்தரப் போகும் கீர்த்தனையை ஒருமுறை பாடிப் பார்த்து, பாடாந்தரத்தை உறுதி செய்துகொண்டு வருவது. வாரத்துக்கு ஒரு சங்கதி மாறினால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? அந்தப் பிள்ளையின் சுருதியில் பாடத்தைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம், வீட்டில் எப்படிப் பாடுமோ அப்படியே பாடவிட்டு வாயைத் திறக்காமல் கேட்பது. தொண்டை கட்டிக்கொண்டு வந்த நாளில் எழுதி வைத்ததை ஓரம் கட்டித் தாளம் மட்டும் போடவைப்பது. இதற்குமேல் திட்டம் போட்டால் ஆசிரியர் நோட்டைத்தான் பார்ப்பார், பிள்ளையைப் பார்க்க மாட்டார்.

மாணவர் பங்கும் உண்டு. வகுப்புக்கு முந்தின இரவு இரண்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடுவதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். மிருதங்கக்காரர் கொஞ்சம் முன்னதாக வந்து தொப்பியில் ரவை வைத்துச் சுருதி சேர்த்துவிட்டால் வகுப்பு நேரம் மிச்சம். கைக்கு வராத சொற்கட்டை முதலில் வாயால் சொல்லிப் பழகலாம். வரிசைகளுக்கு மூன்று காலம் வைத்த முன்னோர் முதல் காலத்தை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அது நிற்காமல் மூன்றாம் காலத்துக்கு ஓடும் பிள்ளையைப் பார்த்துப் பெற்றோர் பூரிக்கக் கூடாது.

ஆசிரியரைக் குறை சொல்லிவிட்டு நகர்வதும் நியாயமல்ல. மாலையில் அடுத்தடுத்து நாலைந்து வகுப்பு எடுத்தால்தான் கட்டட வாடகையும் வீட்டுச் செலவும் கட்டும் என்ற நிலையில் அவர் எப்போது நோட்டைத் திறப்பார்? நாம் கொடுக்கும் கட்டணம் வகுப்பில் உட்கார்ந்த நேரத்துக்கு மட்டுமே கணக்காகிறது. வகுப்புக்கு முன்னும் பின்னும் அவர் செய்யும் வேலைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலை நாளடைவில் நின்றுபோகும். "கீர்த்தனை எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று நாம் அவசரப்படுத்துவதும் அந்த வேலையை வெட்டிச் செலவாக்குகிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் இனி வேறொன்றைக் கேளுங்கள்: "வாரா வாரம் வீட்ல எப்படிப் பாடோணும்னு எழுதிக் குடுப்பீங்களா?" கொடுப்பேன் என்கிறவர் நூறு இருநூறு கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.