மதிலுக்குள் மதிப்பெண்!

"நல்ல பள்ளி உள்ள புறநகர் எது?"

அமெரிக்க நாட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடிபெயரும் குடும்பம், மூட்டை கட்டும் முன்பே எழுப்பும் முதற் கேள்வி இது. நேற்றுவரை பாஸ்டன் நகரிலே பணி; நாளை முதல் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவிலே பணி. இடையே சாலை வழியே 3,000 கிலோமீட்டருக்கும் மேல். புது ஊரின் வெயில் எப்படி, அண்டை வீட்டார் எப்படி, அலுவலகம் எத்தனை தொலைவு – அவையெல்லாம் பிறகு! பிள்ளைக்குப் பள்ளி எது? அதைத் தீர்மானித்த பின்னரே வீடு. வீடு அமைந்த பின்னரே மற்றவை.

கேள்வியிலே குற்றமில்லை. ஈன்றவர் உள்ளம் அப்படித்தான் எண்ணும், எண்ணவும் வேண்டும். கல்வியே கண் என்று ஊர்தோறும் முழங்குகின்ற நாம், பிள்ளையின் படிப்புக்காக ஊரையே தேர்ந்தெடுக்கும் பெற்றோரைப் பழிக்க முன்வருவோமா? மாட்டோம். ஆனால், அந்தக் கேள்விக்கு அங்கே கிடைக்கும் விடை இருக்கிறதே, அதனை உரைகல்லிலே உரைத்துப் பார்க்காமல் விட்டுவிடவும் மாட்டோம்!

விடை என்ன? ஓர் எண்! கணினித் திரையிலே வீட்டின் படம், பக்கத்திலே விலை, அதற்கருகே, அந்த வீட்டுப் பிள்ளை சேரவேண்டிய பள்ளிக்கு ஒரு மதிப்பெண். பத்துக்கு ஒன்பது! பெற்றோர் முகத்திலே மலர்ச்சி. பத்துக்கு மூன்று! உடனே பக்கம் மாறுகிறது. அந்த மூன்று மதிப்பெண் பள்ளியின் ஆசிரியர் எவ்வளவு பாடுபடுகிறார், அங்கே ஆண்டின் தொடக்கத்திலே எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவன் ஆண்டின் முடிவிலே எத்தனை நூல்களைப் படிக்கிறான் – யார் கேட்டார்கள்? எண் பேசிவிட்டது, எண்ணம் ஓய்ந்துவிட்டது!

பகுத்தறிவு பேசும் தோழர்களே, எந்த எண்ணைக் கண்டாலும் ஒரு வினா எழுப்புங்கள்: இது எதனை அளக்கிறது?

ஆசிரியப் பணி புரிபவன் நான். தேர்வுத் தாளைத் திருத்தும்போது, அந்தத் தாளை எழுதியவன் மாணவன் மட்டுமல்லன் என்பதை அறிவேன். காலையிலே உண்டுவந்த வயிறு எழுதுகிறது. வீட்டிலே உள்ள புத்தக அலமாரி எழுதுகிறது. மாலையிலே அமர்ந்து சொல்லித்தர நேரம் வாய்த்த தாய் எழுதுகிறாள். அமெரிக்காவிலும் இதுவே உண்மை. 1966ஆம் ஆண்டு ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞர், அரசின் வேண்டுகோளின்படி, ஏறத்தாழ 6 இலட்சம் மாணவர்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். கட்டடத்தையும் கருவிகளையும்விட, மாணவனின் குடும்ப நிலைதான் அவன் மதிப்பெண்ணோடு மிக நெருங்கிய தொடர்புடையது. உடன் பயில்வோர் யார் என்பதும் கணக்கிலே வருகிறது – இது அவர் கண்ட முடிவு. அப்படியானால், பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணைக்கொண்டு பள்ளிக்கு இடும் எண், பள்ளியின் திறத்தை அளக்கிறதா, பெற்றோர் பணப்பையை அளக்கிறதா? 'மாணவரின் முன்னேற்றத்தையும் சேர்த்தே இப்போது கணக்கிடுகிறோம்' என்கிறார்கள். சேர்க்கட்டும், நன்று! பணப்பையின் நிழல் அதனால் முற்றிலும் மறைந்துவிட்டதா?

பணப்பை எப்படிப் பள்ளிக்குள் நுழைந்தது? அதைத்தான் நாம் ஆழ்ந்து பார்க்க வேண்டும்.

அந்த நாட்டிலே பள்ளிகளை நடத்துபவை, ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். பள்ளிச் செலவில் நூற்றுக்கு 40 பங்குக்குமேல் உள்ளூர்ப் பணம். அதிலே பெரும்பகுதி வீட்டுக்கும் நிலத்துக்கும் விதிக்கும் சொத்துவரி. மாளிகைகள் நிறைந்த மாவட்டத்திலே வரி மலையெனக் குவியும்; குடிசைகள் நிறைந்த மாவட்டத்திலே எவ்வளவு கசக்கிப் பிழிந்தாலும் துளிதான் சொட்டும்.

சான் அன்டோனியோவையே பாருங்கள். அங்கே எட்ஜ்வுட் என்று ஒரு மாவட்டம். மாணவரில் நூற்றுக்குத் 90 பேர் மெக்சிகோ வழிவந்தோர். அருகிலேயே அலமோ ஹைட்ஸ் என்று மற்றொரு மாவட்டம். வெள்ளையர் மிகுதி, செல்வமும் மிகுதி. 1967–68 கல்வி ஆண்டுக் கணக்கு நீதிமன்ற ஏட்டிலேயே பதிந்து கிடக்கிறது. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1 டாலர் 5 சென்ட் வரி செலுத்தினர். மாணவர் ஒருவருக்கு அதனால் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 சென்ட்தான் செலுத்தினர். கிடைத்ததோ 333 டாலர்! அதிகம் வரி கொடுத்தவனுக்குக் கிள்ளி. குறைவாகக் கொடுத்தவனுக்கு அள்ளி! மாநில அரசும் மைய அரசும் தந்த பணத்தைக் கூட்டிய பிறகும் 356 டாலர் ஒரு பக்கம், 594 டாலர் மறு பக்கம்.

1968இல் எட்ஜ்வுட் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிக் கிளர்ந்தெழுந்தனர். டெமட்ரியோ ராட்ரிகஸ் என்ற தந்தையும் மற்றப் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். 1973இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி என்பது அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமையன்று என்றனர் ஐவர், மறுத்தனர் நால்வர். ஒரே ஒரு தலையின் வேறுபாட்டிலே எத்தனை இலட்சம் பிள்ளைகளின் தலைவிதி! 'தலைவிதி' என்ற சொல்லை நாம் ஏற்பதில்லை; தலைவிதி என்று சொல்லப்படுவதை யார் எழுதுகிறார்கள் என்பதற்குச் சான்றாகவே சொன்னேன்.

பணத்தால் எழுந்த இந்த மதிலுக்கு அடித்தளம் இட்டது நிறவெறி. 1934இல் தோன்றிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடனுக்குப் பொறுப்பேற்கும் தன் கையேட்டிலே, இனங்கள் கலந்த பகுதியைக் கடனுக்கு உகந்ததன்று என்று ஒதுக்கியது. பிள்ளைகள் பிற இனத்தாரோடு கலந்து படிக்க நேரும் பகுதியையும் குறையுடையதாகவே கருதியது. 1947இல் நியூயார்க்கை அடுத்து எழுந்தது லெவிட்டவுன் என்னும் புறநகர். வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கலாகாது என்று பத்திரத்திலே விதி. வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு! தரையைத் துடைக்க வரலாம். தலைநிமிர்ந்து வாழ வரலாகாது. 1957இல் பென்சில்வேனியாவின் லெவிட்டவுனிலே மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கிக் குடியேறியபோது, நாள்கணக்கில் கூட்டம் கூடிக் கூச்சலிட்டுக் கல்லெறிந்தது.

1954இல் பள்ளியிலே நிறப்பிரிவினை செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை வாதாடி வென்றவர் தர்குட் மார்ஷல். ஆனால் வெள்ளையர் நகரைவிட்டுப் புறநகருக்கு நகர்ந்தனர். மாவட்ட எல்லை அவர்களுக்குக் காவல் நின்றது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் சுற்றியுள்ள 53 புறநகர் மாவட்டங்களையும் இணைத்துப் பிரிவினையைப் போக்கும் திட்டத்தை 1974இல் உச்சநீதிமன்றம் தடுத்துவிட்டது. அப்போது அதே மார்ஷல் நீதிபதியாக அமர்ந்து மறுப்புத் தீர்ப்பு எழுதினார். இருபது ஆண்டுகளிலே, திறந்த கதவுக்கு முன்னால் எழுந்துவிட்டது புது மதில்!

1968இல் வீட்டுவசதியில் நிறவேற்றுமை பாராட்டலாகாது என்று சட்டம் வந்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்க முடியவில்லையா? நிலத்தைச் சொல்லித் தடுத்தார்கள்! இத்தனை பெரிய மனையிலேதான் வீடு எழவேண்டும், அடுக்குமாடி கூடாது, வாடகைக் குடியிருப்பு ஆகாது என்று ஊர்தோறும் விதி. ஏழைக்கு அனுமதியில்லை என்று பலகை எழுதவில்லை. ஏழை வாங்கக்கூடிய வீடே எழாமல் பார்த்துக்கொண்டனர். இத்தகைய விதியால் எளியோரை விலக்குவது தகாது என்று 1975இல் மவுண்ட் லாரல் வழக்கிலே நியூஜெர்சி மாநில உச்சநீதிமன்றம் இடித்துரைக்கவேண்டி வந்தது.

மதிலைத் தாண்டினால் என்ன ஆகும்? ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரிலே ஒரு கறுப்பினத் தாய். தன் தந்தை வாழ்ந்த அண்டைப் புறநகரின் முகவரியைக் கொடுத்துத் தன் இரு பெண்மக்களை அங்குள்ள பள்ளியிலே சேர்த்தாள். 2011இல் குற்றவாளிக் கூண்டு, தண்டனை, சிறையிலே ஒன்பது நாள்! பெருங்குற்றத்தைச் சிறு குற்றமாகக் குறைக்க மாநில ஆளுநரே தலையிட வேண்டியிருந்தது. நகை திருடினாளா? நாணயம் திருடினாளா? 'நல்ல பள்ளி' என்றீர்களே, அதிலே தன் பிள்ளைக்கு இடம் தேடினாள். பணம் உள்ளவர் அதே இடத்தை வீட்டு விலையிலே வாங்கினால் அது பொறுப்புள்ள பெற்றோரின் முன்யோசனை. பணமில்லாத தாய் தேடினால் அது குற்றம்!

அந்தப் புறநகர்களிலே இன்று தமிழரும் வீடு வாங்குகின்றனர். வாங்கட்டும், வளரட்டும். ஆனால் வரலாற்றை அறிந்து வாங்கட்டும். 1923இல் பகத்சிங் திண்ட் என்பாரின் வழக்கிலே, இந்தியர் 'வெள்ளையர்' ஆகார், குடியுரிமை பெறவும் ஆகார் என்று தீர்ப்பளித்தது அமெரிக்க உச்சநீதிமன்றம். 1927இல், மிசிசிப்பியிலே சீனப் பெண்ணொருத்தி வெள்ளையர் பள்ளியில் சேர முடியாது என்ற முடிவையும் அதே மன்றம் உறுதிப்படுத்தியது. அந்தக் கதவைத் தட்டித் தகர்த்தவர் யார்? தெருவிலே அடிபட்டு, சிறையிலே வாடி, உரிமைக்குப் போராடிய கறுப்பின மக்கள்! அந்தக் கிளர்ச்சி எழுப்பிய அலையிலேதான் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பிறந்தது. ஆசியர்க்கு வாயில் அகன்றது. அவர்கள் திறந்த வாயில் வழியே நுழைந்துவிட்டு, அவர்கள் பிள்ளைகள் நிறைந்த பள்ளி என்றவுடன் ஆராயாமல் முகம் திருப்புவதா? ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த கொடுமையை இங்கே கண்டிக்கும் நாக்கு, அங்கே சென்றதும் 'நல்ல வட்டாரம்', 'சரியில்லாத வட்டாரம்' என்று நாசூக்காகப் பேசுவதா?

"அதற்காக என் பிள்ளையைப் பலியிடச் சொல்கிறீரா?" – பெற்றோர் கேட்பர். நியாயமான கேள்வி. பலியிடச் சொல்லவில்லை, பலி என்று யார் சொன்னது என்றே கேட்கிறோம். பொருளியல் அறிஞர் ரக்கர் ஜான்சன், இனங்கள் கலந்த பள்ளியில் பயின்ற தலைமுறையை முதுமை நோக்கிப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2019இல் நூலாக்கினார். கறுப்பினப் பிள்ளைகளின் படிப்பும் வருவாயும் உடல்நலமும் உயர்ந்தன; வெள்ளையினப் பிள்ளைகளுக்கு இழப்பு எதுவும் காணப்படவில்லை.

"பணத்தால் என்ன பயன்?" என்பாரும் உளர். அவரும் மற்றிருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது: பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப்படிப்பு முழுவதும் நூற்றுக்குப் 10 பங்கு கூடுதலாகச் செலவிட்டால், ஏழைப் பிள்ளை ஏறத்தாழ அரை ஆண்டு கூடுதலாகப் படிக்கிறான், வளர்ந்தபின் ஈட்டும் ஊதியமும் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு உயர்கிறது. பயனில்லாப் பொருளுக்கா பணக்காரர் மதில் எழுப்புவர்?

வேறு வழியே இல்லையா? உண்டு. மேரிலாந்து மாநிலத்து மான்ட்கமரி கவுன்டியிலே, ஊருக்கு ஊர் தனி மாவட்டமில்லை. கவுன்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். புதிதாக எழும் குடியிருப்புகளிலே ஒரு பங்கு எளியோர்க்கென்று 1970களிலேயே சட்டம் செய்தனர். அங்கே குலுக்கல் முறையில் வீடு பெற்ற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து ஹெதர் ஷ்வார்ட்ஸ் 2010இல் அறிவித்தார்: வறுமை குறைந்த பள்ளிக்குச் சென்றோர், வறுமை மிகுந்த பள்ளிக்குக் கூடுதல் பணம் கொட்டியபோதும் அங்கே பயின்றோரைவிடக் கணக்கிலே முன்னேறினர். பணமும் வேண்டும், கலப்பும் வேண்டும் என்பதே பாடம். டெக்சாஸ் மக்களும் ஓயவில்லை. எட்ஜ்வுட் மீண்டும் வழக்காடியது. 1989இல் மாநில உச்சநீதிமன்றமே பழைய முறை செல்லாது என்றது. 1993இல், செல்வ மாவட்டத்து வரியில் ஒரு பகுதியை எளிய மாவட்டத்துக்குப் பகிரும் சட்டம் பிறந்தது. மனிதன் எழுப்பிய மதில், மனிதன் கைபட்டால் அசையும்!

எனவே, குடிபெயரும் தமிழ்த் தோழனுக்கு நாம் சொல்வது இது. எண்ணைக் கண்டு மயங்காதே. பள்ளிக்குள் சென்று பார். ஆசிரியர் நிலைத்து நிற்கின்றனரா, ஆண்டுக்கு ஆண்டு விலகி ஓடுகின்றனரா? பின்தங்கி வந்த பிள்ளை முன்னேறுகிறதா? எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பிலே அமர்கின்றனரா, உள்ளேயும் ஒரு மதில் உண்டா? இவற்றைக் கேள். ஊர் முழுதும் ஒரே மாவட்டமாக உள்ள இடத்தை ஒதுக்கிவிடாதே. குடியேறிய பின், எளியோர்க்கான அடுக்குமாடி வருகிறது என்று ஊரார் எதிர்ப்புக் கூட்டம் போட்டால், எதிர்க்கும் வரிசையிலே நிற்காதே. எழுந்து, வரட்டும் என்று சொல். வாக்குரிமை கிடைத்த நாளன்று, பள்ளிப் பணத்தை மாநிலம் முழுவதற்கும் பகிரச் சொல்பவர்க்கு வாக்களி.

பள்ளி என்பது பொதுக் கிணறு. பணம் கொடுத்தவன் மட்டுமே இறைக்கலாம் என்றால் அது கடை; பிறப்பைப் பார்த்து இறைக்கலாம் என்றால் அது கொடுமை. கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு, நீர் இனிக்கிறது என்று பத்துக்கு ஒன்பது மதிப்பெண் இடுகிறார்களே, வெளியே விடாயோடு நிற்கும் பிள்ளையைக் கேட்டால் எத்தனை மதிப்பெண் தருவான்?