அடுப்பு மாறினால் ஆளை மறக்காதீர்

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் மலையிலிருந்து சுமந்து வரும் கொழுந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை விரட்டத்தான் ஸ்டோரில் இத்தனை நெருப்பும் கரண்டும். வாட்ட காற்றாடி, அரைக்க ரோலர், காயவைக்க விறகு அடுப்பு.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறியது. சம்பளம் கேட்டால் கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டுகின்றன. அந்தச் செலவு பொய்யென்று நாம் சொல்லவில்லை.

இப்போது சில கம்பனிகள் ஸ்டோர் கூரையில் சூரியத் தகடு பொருத்தியுள்ளன. (ஆடி மாதத்தில் ஹட்டனில் சூரியனைத் தேட வேண்டும் என்பது வேறு கதை.) ஓடைத் தண்ணீரில் மின்சாரம் எடுப்பதும் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே பல தோட்டங்கள் அப்படித்தான் ஸ்டோரை ஓட்டின. பொது மின்சாரம் வந்த பிறகு அந்த இயந்திரங்கள் கைவிடப்பட்டன. 1990களுக்குப் பின் சில இடங்களில் திருத்தி ஓட்டுகிறார்கள். விறகு குறைந்தால் மரம் நிற்கும், மரம் நின்றால் மண் நிற்கும். ஆகவே இதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் கரண்ட் பில் ஏறியபோது அதைச் சம்பள மேசைக்குக் கொண்டுவந்தவர்கள், பில் இறங்கும்போதும் கொண்டுவர வேண்டும்.

அடுப்படியில் நிற்கும் தொழிலாளியையும் நினைத்துப் பாருங்கள். கொழுந்து கூடும் மாதங்களில் இரவிரவாக அனலிலும் புகையிலும் நிற்பவர் அவர். தானாக விறகு தள்ளும் அடுப்பு வந்தால் அவருடைய நெஞ்சுக்கு நல்லதுதான். அதற்காக, “இனி நீ மலைக்குப் போ” என்று அவரை அனுப்பிவிடக் கூடாது. புதிய இயந்திரத்தை ஓட்டும் பயிற்சி முதலில் அவருக்கே கிடைக்க வேண்டும்.

அடுத்தது லயம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்கு அடியில் தேயிலை மலைகள் கிடக்கின்றன. தலவாக்கலை அணைத் தண்ணீரில் 150 மெகாவாட் மேல் கொத்மலை நிலையம் ஓடுகிறது. எங்கள் மலைத் தண்ணீர் நாட்டுக்கே விளக்கேற்றுகிறது. அந்த மலையில் பகல் முழுக்கக் கொழுந்து பறித்த பெண், மாலையில் விறகுக் கட்டோடு லயத்துக்கு இறங்குகிறாள். ஸ்டோருக்கு உயர்ந்த புகைபோக்கி உண்டு. பல லயத்து அடுப்புகளுக்கு அதுகூட இல்லை. ஸ்டோரை மாற்றத் திட்டம் போடும்போது, லயத்து அடுப்பும் வயரிங்கும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இதைக் கேட்க வழியும் உண்டு. பச்சைத் தவளை முத்திரை கொடுக்கும் ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் விதிகளில் மரமும் தண்ணீரும் மட்டுமல்ல, தொழிலாளரின் வீடும் பாதுகாப்பும் கூட இருக்கின்றன. தணிக்கைக்கு வருபவர்கள் தொழிலாளர்களிடமும் பேசுவார்கள். அன்று தலைவர் மட்டும் பேசிவிட்டு வரக் கூடாது, மாதர் தலைவியும் பேச வேண்டும்.

உங்கள் ஸ்டோரில் அடுப்போ இயந்திரமோ மாறப்போவதாகத் தெரிந்தால், அங்கே வேலை செய்கிறவர்களின் பெயரையும் அவர்கள் எத்தனை வருடமாக வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுதி, தோட்டக் கமிட்டி மூலம் மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள். பழைய அடுப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.