கட்டையா, லேத்தா?

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபின் மாடியில் சின்ன லேத் போட்டு சப்பாத்திக் குழவி கடைகிறார். போன வாரம் அது ஆடிய ஆட்டத்தில், பூகம்பமோ என்று கீழ்வீட்டு மாமி ஓடி வந்துவிட்டாள்!

"பேரிங் போச்சு. புதுசு வாங்கணும்" என்றார். எனக்குத் திக்கென்றது; மாதக் கடைசி! கட்டையைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டச் சொன்னேன். அசையவே இல்லை. அப்படியானால் குற்றம் கட்டையில்தானே? வெறுமனே ஓடும்போதும் அதிர்ந்தால்தான் பெல்ட், புல்லி, பேரிங் என்று போகவேண்டும். (பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுழலும் தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 'லொடக்' என்றால் பேரிங்தான்.)

பிளக்கைப் பிடுங்கி, கட்டையை மறுபடி மாட்டி, பெல்ட்டைத் தளர்த்திக் கையால் சுற்றிவிட்டோம். எத்தனை முறை சுற்றினாலும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றது. மனிதர் மையம் தப்பி மாட்டியிருக்கிறார்! இரு முனையிலும் மூலைக்கு மூலை கோடிழுத்து மையம் கண்டு, விளிம்புகளைச் சீவி, உருண்டையாகும் வரை குறைந்த வேகத்திலேயே ஓட்டினார். ஆட்டம் முக்கால்வாசி அடங்கியது. மிச்சம்? மேஜையின் ஒரு கால் தரையில் படவில்லை!

விரிசல் கண்ட கட்டையை மட்டும் ஏற்றவே விடாதீர்கள். பிளந்து முகத்தில் பாயும். கிட்டே போகுமுன் தலைப்பைச் செருகி, பின்னலை முடிந்துகொள்ளுங்கள்.

முதல் குழவி கீழ்வீட்டு மாமிக்குப் போயிற்று.