அறுவைசிகிச்சைக்குப் பிறகு கால் வீங்கினால் தைலம் தேய்க்கலாமா?

“22 வயது மகனுக்கு வெரிகோசில் அறுவைசிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து தைலம் தேய்த்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்து ரத்தக்கட்டு என்றார்கள். இந்த வயதில் எப்படி வந்தது? இனி வயல் வேலை செய்யலாமா?”

- ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்.

விதைப்பையில் இருந்து ரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்வதுதான் வெரிகோசில். கிராமங்களில் ‘நரம்பு சுருட்டல்’ என்பார்கள். நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆண்களில் சுமார் 15 சதவிகிதம் பேருக்கு இது உண்டு, பெரும்பாலும் இடதுபக்கம்தான். பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. வலி, குழந்தையின்மை போன்ற காரணங்களுக்காகச் செய்துகொள்கிறார்கள். ராணுவ ஆட்சேர்ப்பு மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவைக்கப்பட்டு, அதற்காகவே செய்துகொள்ளும் இளைஞர்களும் உண்டு.

‘ரத்தக்கட்டு’ என்ற ஒரே வார்த்தையை மூன்று விஷயங்களுக்குச் சொல்வதால் குழப்பம் வருகிறது. விதைப்பைக்குள் ரத்தம் கசிந்து தேங்குவது ஒன்று. சிறியதாக இருந்தால் தானே வற்றிவிடும். வேகமாகப் பெருத்தால் உடனே காட்ட வேண்டும். கட்டிவிடப்பட்ட சிரைக்குள்ளேயே ரத்தம் உறைவது இன்னொன்று. கயிறுபோல கெட்டியாகத் தட்டுப்படும், பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். வலி கடுமையாக இருந்தால் டாப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் இந்த மகனுக்கு வந்தது, காலின் ஆழமான சிரையில் உறைவது. வெரிகோசில் அறுவைசிகிச்சைக்குப் பிறகு இது அபூர்வம். ஆனால், கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

ரத்த ஓட்டம் மந்தமாவது, ரத்தக்குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தத்துக்கே உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றையும் காரணங்களாகச் சொல்வார்கள். தண்ணீர் ஓடாமல் நிற்கும் வாய்க்காலில் பாசி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு முதல் காரணம் எளிதில் புரியும். ‘தையல் பிரிந்துவிடும்’ என்று பயந்து பையனைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைப்பது, அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம் என்று தண்ணீரைக் குறைப்பது இரண்டும் தவறு. மருத்துவர் அனுமதித்ததும், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ, மெதுவாக நடக்க வேண்டும். இளம் வயதில் வந்தால் பரம்பரைக் காரணத்தையும் யோசிக்க வேண்டும். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைபாடு அந்த வகை. கட்டி புதிதாக இருக்கும்போதும், சில மருந்துகள் சாப்பிடும்போதும் இந்தப் பரிசோதனைகள் தவறாகக் காட்டலாம். அதனால் மருத்துவர் சொல்லும் நேரத்தில் எடுத்தால் போதும்.

தைலம் பூசியதைவிட, அழுத்தித் தேய்த்ததுதான் அபாயம். கட்டி பெயர்ந்துவிடக்கூடும். அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் தேய்க்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி, மயக்கம் இருந்தால் 108-ஐ அழைக்கவேண்டும். வீட்டில் தேய்த்துப் பார்த்ததில் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. கெண்டைக்கால் பிடிப்பு அப்படித்தான் தெரியும்.

இனி வேலை. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து வழக்கமாக மூன்று மாதமாவது தொடரும். வலி போனதும் தானாக நிறுத்தக்கூடாது. நடப்பது, மேற்பார்வை பார்ப்பது நல்லது. அரிவாள், மண்வெட்டி வேலை, மரம் ஏறுவது, டிராக்டர் ஓட்டுவது எல்லாம் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். தலையில் அடிபட்டால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்புவலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. டைக்ளோஃபினாக் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். கொடுத்திருப்பது வார்ஃபரின் என்றால் கீரையை ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று அதிகமாக்கவும் வேண்டாம். குறிப்பிட்ட நாளில் ரத்தப் பரிசோதனை அவசியம்.

மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதி மகன் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். வரப்பில் பாம்பு கடித்தாலும், பல் பிடுங்கப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.